கருகிய மோட்டார் கொடுத்த வரம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையோரம் ரசீன் என்று ஒரு ஊர். 1870-களில் அங்கே வந்து தொழில் நடத்தினார்கள், இங்கிலாந்தில் பிறந்த அண்ணன் தம்பி இருவர். அண்ணன் ஜேம்ஸ் மருந்தாளுநர். தம்பி வில்லியம் வியாபாரத்தில் கெட்டிக்காரர். கைக்குழந்தைகளுக்கும் நோயில் கிடப்பவர்களுக்கும் எளிதில் செரிக்கும்படி, கோதுமையையும் முளைகட்டிய பார்லியையும் கொண்டு ஒரு சத்துமாவு தயாரித்தார்கள். அதைப் பாலில் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில் கெடாத பால் கிடைப்பதே பெரும்பாடு. பாலையும் சேர்த்தே உலர்த்திப் பொடியாக்கிவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். 1883-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த அண்ணன் தம்பியின் குடும்பப் பெயர் ஹார்லிக். பொடி ஊர் ஊராகப் போனது. கூடவே ஒரு தொல்லையும் போனது.

வெந்நீரில் சமர்த்தாகக் கரைந்த அந்தப் பொடி, குளிர்ந்த பாலில் கட்டி கட்டியாக மிதந்தது. நோயாளிகளுக்காகப் பிறந்த பானம், மருந்துக் கடைகளை ஒட்டியிருந்த சோடாக் கடைகளில் ருசிக்காகக் குடிக்கிற பானமாக மாறியபோது இது பெரிய தலைவலி ஆனது. கரண்டியால் எவ்வளவு அடித்துக் கலக்கினாலும் டம்ளரின் அடியில் மாவு நின்றது. இதற்கு விடை வேறெங்கிருந்தோ வரவில்லை. அதே ரசீன் ஊரில் ஒருவர் குட்டி மோட்டார் ஒன்றைச் சுழலவிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் செஸ்டர் பீச். அன்றைக்கு அமெரிக்க வீடுகளில் சிலவற்றுக்கு நேர் மின்சாரம் வந்தது, சிலவற்றுக்கு மாறு மின்சாரம் வந்தது. இரண்டிலும் ஓடக்கூடிய, கையடக்கமான, நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுகிற மோட்டாரை அவர் உருவாக்கினார். 1910-ல் ஹாமில்டன் என்பவரின் பெயரும் இவர் பெயரும் சேர, ஹாமில்டன் பீச் என்ற நிறுவனம் உருவானது. அவர்களுடைய பானக் கலக்கியில் மோட்டார் மேலே இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி தொங்கியது. கம்பியின் நுனியில் சின்னத் தட்டு. டம்ளரைக் கீழே பொருத்தினால் பாலும் பொடியும் நொடியில் நுரைத்துக் கலந்தன. இத்தோடு கதை முடிந்திருக்கும், அமெரிக்க அரசாங்கம் 1920-ல் மதுக்கடைகளை மூடாமல் இருந்திருந்தால்.

மதுவிலக்கு வந்ததும் மாலை நேரத்தில் கூடிப் பேச ஜனங்களுக்கு இடம் தேவைப்பட்டது. கூட்டம் சோடாக் கடைகளுக்குத் திரும்பியது. 1922-ல் சிகாகோவின் வால்கிரீன் மருந்துக் கடையில் வேலை பார்த்த ஐவார் கோல்சன், மால்ட் பொடி கலந்த வழக்கமான மால்ட் பாலில் வெனிலா ஐஸ்கிரீமை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். அந்தப் புதுப் பானத்துக்கு வரிசை கட்டி நின்றார்கள். பானம் கெட்டியாக ஆக, மேலேயிருந்து தொங்கிய கம்பி திணற ஆரம்பித்தது. பாலைக் கலக்கத் தெரிந்த கம்பிக்குப் பழத்தையோ பனிக்கட்டியையோ நொறுக்கத் தெரியவில்லை. யாராவது ஒருவர் அந்த இயந்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த வேலையில் ஏற்கெனவே இறங்கியிருந்தவர் ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி. போலந்து வம்சாவளிக்காரர். அவரும் ரசீன்காரர்தான். ஹார்லிக்ஸ் மால்ட் பால் கலக்குவதற்காகவே 1919-லிருந்து ஓர் இயந்திரத்தை வடிவமைத்து, 1922-ல் காப்புரிமை பெற்றார். மோட்டாரைக் கீழே வைத்தார். பாத்திரத்தின் அடிப்பாகத்தில் துளை போட்டு, அதன் வழியே தண்டை ஏற்றி, உள்ளே பிளேடைப் பொருத்தினார். பிளேடு சுழன்றதும் பால் பக்கவாட்டில் வீசியெறியப்பட்டது, சுவரில் மோதி மேலே ஏறியது, நடுவில் ஒரு குழி விழ அதற்குள் மறுபடி இறங்கியது. எதைப் போட்டாலும் அது தானாகவே பிளேடைத் தேடி வந்தது. இன்றுவரை மாறாத வடிவம் அது. ஆனாலும் அவருடைய இயந்திரம் அன்றைக்குச் சோடாக் கடை மேசையைத் தாண்டவில்லை. வீட்டுச் சமையலறைக்குள் அதைக் கூட்டிப்போனவர், சமையலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பாட்டுக் குழுத் தலைவர்.

ஃப்ரெட் வேரிங்கின் இசைக்குழு அமெரிக்க வானொலியில் கொடிகட்டிப் பறந்த நேரம். 1936-ல் நியூயார்க்கில் ஒரு நிகழ்ச்சி முடிந்ததும், ஃப்ரெடரிக் ஒசியஸ் என்பவர் அவரைத் தேடி வந்தார். ஹாமில்டன் பீச் நிறுவனம் உருவானதில் பங்கு உள்ளவர்தான் இவரும். போப்லாவ்ஸ்கியின் யோசனையை மேம்படுத்தப்போவதாகச் சொல்லி முதலீடு கேட்டார். கையோடு கொண்டுவந்த மாதிரி இயந்திரமோ ஓடவில்லை! ஓடாத இயந்திரத்தை நம்பி வேரிங் 25,000 டாலர் போட்டார். ஆறு மாதம் ஆகியும் அது உருப்படவில்லை. போட்ட பணம் போனது என்று எல்லாரும் கைகழுவியிருக்க வேண்டிய கட்டம்.

வேரிங் கைகழுவவில்லை. ஒசியஸை விலக்கிவிட்டு, வடிவமைப்பை வேறு கைகளில் ஒப்படைத்தார். 1937-ல் சிகாகோவில் நடந்த தேசிய உணவகக் கண்காட்சியில் இயந்திரம் ஓடியது. விலை 29 டாலர் 75 சென்ட். கச்சேரிக்குப் போகிற ஊரெல்லாம் வேரிங் அதையும் கூட்டிக்கொண்டு போனார். உணவகங்களில் நுழைந்தது, வீடுகளில் நுழைந்தது, சோதனைக்கூடங்களிலும் நுழைந்தது. போலியோ தடுப்பூசி ஆய்வில் ஜோனாஸ் சால்க் அதைப் பயன்படுத்தினார். 1954-க்குள் 10 லட்சம் விற்றுத் தீர்ந்தது. அட்லாண்டிக்கின் மறுகரையில் ஜெர்மனியின் பிரவுன் நிறுவனமும் 1950-ல் தன்னுடைய கலக்கியைக் கொண்டுவந்தது. பழச்சாறு, சூப், மில்க் ஷேக், கேக் மாவு. மேற்கத்தியச் சமையலறை கேட்டதையெல்லாம் இந்த இயந்திரங்கள் செய்துகொடுத்தன. இவை பார்த்திராத ஒரு சமையலறை கிழக்கே காத்திருந்தது.

அந்தச் சமையலறை கல்லால் ஆனது. சட்னிக்கும் மசாலாவுக்கும் அம்மி, ஊறிய அரிசி உளுந்துக்கு ஆட்டுக்கல், இடிப்பதற்கு உரல், உலர்ந்த தானியத்துக்குத் திரிகை. தீபாவளிக்கு வீட்டில் பலகாரம் செய்வதென்றால் அடுப்பு மூட்டுவதற்கு வெகு முன்பே வேலை தொடங்கிவிடும். அதிரசத்துக்கு ஊறி லேசாக உலர்ந்த பச்சரிசியை ஈரப்பதம் போவதற்குள் இடித்துச் சலிக்க வேண்டும். முறுக்குக்கு வறுத்த உளுந்தைத் திரிக்க வேண்டும். பாதாம் அல்வாவுக்குத் தோலுரித்த பருப்பை வெண்ணெய் மாதிரி வரும்வரை அம்மியில் இழைக்க வேண்டும். சர்க்கரைப் பொடியும் கல்லில்தான் பிறந்தாக வேண்டும். எண்ணெயில் பொரிவது நிமிடக் கணக்கு. அதற்கு முன்னால் பெண்களின் தோளும் இடுப்பும் உழைத்தது நாள் கணக்கு. பண்டிகைப் பலகாரம் வருஷத்தில் சில நாள் மட்டுமே வந்ததற்குக் காசு மட்டும் காரணமில்லை, இந்த உழைப்பும் காரணம். 1960-களில் பம்பாய் போன்ற நகரங்களின் அடுக்குமாடி வீடுகளிலோ இந்தக் கற்களைப் போட இடமும் இல்லை. அங்கேதான் ஒரு மோட்டார் கருகியது.

சத்ய பிரகாஷ் மாத்தூர் பம்பாயில் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். மனைவி மாதுரி வீட்டில் வைத்திருந்தது ஜெர்மனியின் பிரவுன் இயந்திரம். 1963-ல் ஒருநாள் அது நின்றுவிட்டது. பழுது பார்க்க இந்தியாவில் வழியில்லை. அந்நியச் செலாவணிக்கு நாடே திண்டாடிய காலம்; ஓர் உதிரி பாகத்தை வெளியிலிருந்து தருவிப்பதும் லேசில் முடிகிற காரியமாக இல்லை. வீட்டிலேயே ஒரு பொறியாளர் இருக்கும்போது எதற்காக ஜெர்மனியை எதிர்பார்க்க வேண்டும் என்று நினைத்தார் மாதுரி. இந்திய அரைப்புக்குத் தாங்குகிற இயந்திரம் ஒன்றைச் செய்து காட்டும்படி கணவருக்குச் சவால் விட்டார். சவாலை ஏற்றுக்கொண்ட பிறகுதான், பிரச்சினை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது தெரியவந்தது.

இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை ஒழுங்காகச் செய்தது. பாலும் பழச்சாறும் தாமே ஓடிச் சுழன்று பிளேடுக்கு வழிவிடுகிறவை. ஊறிய பருப்போ அப்படி நகராது. அரைபட அரைபடப் பசையாகி பிளேடைப் பிடித்துக்கொள்ளும். விரலி மஞ்சளும் கொப்பரையும் கல்லுக்கே சவால் விடுகிறவை. சுமை கூடும்போது மோட்டாரின் வேகம் இறங்கும். வேகம் இறங்கினால் அது இழுக்கிற மின்சாரம் ஏறும். மின்சாரம் ஏறினால் செம்புக் கம்பிச் சுருள் கொதிக்கும். அந்தச் சுருளின் மேல் பூசிய காப்புப் பூச்சு கருகும்போது எழுகிற வாடையை ஒருமுறை நுகர்ந்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். காயில் போய்விட்டது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. பழுது பார்த்து மாட்டினாலும் அடுத்த மாதம் அதே பருப்பு, அதே வாடை. ஆகவே மாத்தூர் செய்ய வேண்டியிருந்தது பழுதுபார்ப்பு வேலை இல்லை. அடியிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

சுமையில் துவளாத மோட்டார் வேண்டும். அதைக் குளிரவைக்கக் காற்று ஓட்டம் வேண்டும். கண்ணாடி ஜாடி இந்த அரைப்பைத் தாங்காது. எவர்சில்வர் ஜார் வேண்டும். ஈரத்துக்கு ஒரு பிளேடு, உலர் அரைப்புக்கு இன்னொரு பிளேடு வேண்டும். சமையலறையில் பெண்கள் அன்றாடம் அரைக்கும் மசாலாவும் பருப்பும்தான் பரீட்சைத் தாள். கடைசியில் பரீட்சையில் தேறிய இயந்திரத்துக்கு சுமீத் என்று பெயர் வைத்தார்கள். பவர் கன்ட்ரோல் அண்ட் அப்ளையன்சஸ் என்ற நிறுவனத்தின் வழியாக அது சந்தைக்கு வந்தது. சரக்கு தயார். ஆனால் அம்மியில் அரைத்தால்தான் ருசி என்று தலைமுறை தலைமுறையாக நம்பிவந்த வீடுகள் இதை வாங்குமா?

கடைகளில் செயல்விளக்கம் நடத்துவதுதான் அதற்கு வழியானது. வாங்க வந்தவர்கள் கண்ணெதிரே ஊறிய பருப்பு மாவானது, மிளகாய் பொடியானது, தயிர் மோரானது. ஒரே மோட்டாரின் மேல் ஜாரை மாற்றினால் வேலையும் மாறியது. 1970-களில் நகரத்து நடுத்தர வீடுகளில் அது இடம்பிடித்தது. கல்யாணச் சீர்வரிசைப் பட்டியலில் ஏறியது. தெற்கே வந்தபோது தேங்காய்ச் சட்னியும் இட்லிப் பொடியும் வடை மாவும் அதற்கு இன்னும் கடுமையான பரீட்சை வைத்தன. இந்தப் பரீட்சையை அருகிலிருந்து பார்த்த சென்னைக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

1978-ல் டி.டி. வரதராஜன் சென்னையில் ப்ரீத்தியைத் தொடங்கினார். அடுத்தடுத்துப் பல தயாரிப்பாளர்கள் களத்தில் இறங்கினார்கள். போட்டி முற்ற முற்ற இயந்திரம் தமிழ்ச் சமையலுக்கு வாகாக வளைந்து கொடுத்தது. ஒரு கைப்பிடித் தேங்காயைப் பெரிய ஜாரில் போட்டால் அது சுவரில் அப்பிக்கொள்ளும், பிளேடு வெறுமனே சுற்றும். அதற்காகக் குட்டியாகச் சட்னி ஜார் வந்தது. சுமை மிஞ்சினால் மோட்டார் கருகுவதற்கு முன்பே மின்சாரத்தைத் துண்டிக்கிற சிவப்புப் பொத்தான் அடிப்பாகத்தில் வந்தது. 1963-ல் பம்பாயில் நேர்ந்த விபத்து மறுபடி நேராமல் காவல் நிற்பது அந்தப் பொத்தான்தான். மேலே ஜாரையும் கீழே மோட்டாரையும் இணைக்கிற கப்ளர், பெரிய சுமை வந்தால் தான் உடைந்து மோட்டாரைக் காப்பாற்றியது. சில ரூபாயில் புதிதாக மாட்டிக்கொள்ளலாம். இவ்வளவும் சேர்ந்த பிறகு, சோடாக் கடையில் பிறந்த பானக் கலக்கியை யாருக்கும் அடையாளம் தெரியாது. வீட்டுக்கு வீடு சமையல் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, விடிந்ததும் ஊரையே எழுப்புகிற சத்தம் போட்டுக்கொண்டிருந்த அதை எல்லாரும் மிக்ஸி என்றார்கள். அது வந்த பிறகு அடுப்படியில் நடந்ததுதான் இந்தக் கதையின் உச்சகட்டம்.

மாலாடு என்ற ஒரு பண்டம் போதும் அதைச் சொல்ல. பொட்டுக்கடலையை வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டி, ஆறவைத்து மிக்ஸியில் போட்டால் ஒரு நிமிடத்தில் முகப்பவுடர் பதத்துக்கு வந்துவிடும். சர்க்கரையையும் ஏலக்காயையும் தனியாக, விட்டு விட்டு ஓட்டிப் பொடிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறிச் சர்க்கரை இளகி அடியில் பிடிக்கும். இரண்டையும் சலித்துக் கலந்து, முந்திரி பொரித்த நெய்யைச் சூடாக ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிடித்தால் உருண்டை தயார். சாயங்காலம் விருந்தாளி வருகிறார் என்று மத்தியானம் தெரிந்தால் போதும், இனிப்பு காத்திருக்கும்.

ஆமவடைக்கு இன்னொரு கணக்கு. ஊறிய கடலைப்பருப்பைத் தண்ணீர் சொட்டாமல் வடித்து, ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைத்து, மீதியோடு காய்ந்த மிளகாயும் சோம்பும் சேர்த்து, குமிழை எதிர்ப்பக்கம் விப்பரில் திருப்பித் திருப்பி விட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. இரண்டு சுற்று கூடிப்போனால் பருப்பு விழுதாகி வடை எண்ணெய் குடிக்கும். ஒன்றிரண்டாக உடைந்த பதத்தில் நிறுத்தி, எடுத்து வைத்த முழுப்பருப்பைக் கலந்து தட்டினால்தான் ஓரம் மொறுமொறுக்கும். அம்மியில் கை அறிந்த பதத்தை இப்போது காது அறிந்துகொண்டது: பருப்பு உடைபடும் கரகர சத்தம் மங்கத் தொடங்கும்போதே விரல் குமிழை விட்டுவிடும். பாதாம் அல்வா, தேங்காய் பர்ஃபி, ரவா லாடு, முறுக்கு மாவு, ரோஸ் மில்க், மாம்பழ ஐஸ்கிரீம் என்று பட்டியல் நீண்டது. ஓர் இடத்தில் மட்டும் மிக்ஸி தோற்றது. கூட்டுக் குடும்பத்துக்கு வேண்டிய அளவு இட்லி மாவை, உளுந்து சூடேறாமல், பொங்கப் பொங்க ஆட்ட அதனால் முடியவில்லை. அந்த இடத்தை, 1955-லேயே கோவையில் சபாபதி உருவாக்கியிருந்த கிரைண்டர் தன்னிடமே வைத்துக்கொண்டது. தோல்வி அத்தோடு நின்றது, பயணம் நிற்கவில்லை.

கல்யாணமாகி அமெரிக்கா போன பெண்கள் அங்கே ஒரு வினோதத்தைக் கண்டார்கள். கலக்கி பிறந்த நாட்டில் விற்ற கலக்கிகள் சட்னிக்கும் வடைக்கும் மூச்சுத் திணறின. ஊரிலிருந்து எடுத்துப் போகலாமென்றால், 220 வோல்ட்டுக்குச் செய்த மிக்ஸி அந்த நாட்டு மின்சாரத்தில் சோம்பிச் சுற்றியது. உடனே இங்கிருந்தே 110 வோல்ட் மிக்ஸிகள் தயாராயின. சுமீத்தும் ப்ரீத்தியும் அமெரிக்காவுக்கு அமெரிக்கக் கண்டுபிடிப்பையே புது அவதாரத்தில் அனுப்பிவைத்தன. 2011-ல் ப்ரீத்தியை வாங்கிக்கொள்ள ஐரோப்பாவின் பிலிப்ஸ் நிறுவனமே முன்வந்தது. அதே வருஷம் தமிழ்நாட்டில் இன்னும் பெரிய திருப்பம் ஒன்று நடந்தது.

2011 செப்டம்பர் 15 அன்று, விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். பம்பாயில் ஒரு பொறியாளர் வீட்டில் இருந்த வசதி, குடும்ப அட்டை வைத்திருந்த குடிசைக்கும் வந்து சேர்ந்தது. நாள் முழுக்கக் கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் பெண், பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு வடையோ உருண்டையோ செய்து கொடுப்பதற்கு முன்னால் அம்மியின் முன் உட்கார வேண்டியதில்லை என்ற நிலை பிறந்தது. பல பேர் கைமாறி வந்த இந்த இயந்திரத்தின் கதையில் மிகப் பெரிய அதிர்ஷ்டம், 1963-ல் அந்த மோட்டார் கருகியதுதான். அது தப்பிப் பிழைத்திருந்தால், பருப்பை அம்மியிலும் பாலை மட்டும் இயந்திரத்திலும் வைத்துக்கொண்டு இந்திய வீடுகள் இன்னும் கொஞ்ச காலம் பொறுத்துப் போயிருக்கும். மாதுரி பொறுத்துப் போகவில்லை. தன் வீட்டு அரைப்பு எதுவோ அதைச் செய்கிற இயந்திரம்தான் வேண்டுமென்று அவர் பிடித்த பிடிவாதத்தின் பலனை, பலகாரம் செய்கிற ஒவ்வொரு வீடும் இன்று அனுபவிக்கிறது.